அத்திப்பள்ளியைத் தாண்டாத பணம்

பொருளாதாரம் படுத்துக்கொண்டால் யார் கையில் பணத்தைக் கொடுத்து அதை எழுப்புவது? மூன்று பேர் க்யூவில் நிற்கிறார்கள். முதலில் முதலாளி. 'எனக்கு வரியைக் குறை, நான் ஃபாக்டரி கட்டுகிறேன்' என்பார். அடுத்து மாதச் சம்பளக்காரர், அதாவது நீங்கள். 'எனக்கும் குறை, நான் ஃப்ரிட்ஜ் வாங்குகிறேன்' என்பீர்கள். மூன்றாவது ஆசாமி க்யூவில் நிற்க முடியாமல் ஓரமாகத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். ரிடையர் ஆன பெரியவர். அவரை யாரும் கூப்பிடுவதில்லை.

என் ஓட்டு அவருக்கு. பரிதாபப்பட்டு இல்லை. (கொஞ்சம் பரிதாபமும் உண்டு. அவர் என் அப்பா.) நான் பி.காம். கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

அப்பா ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் ஃபிட்டராக இருந்தார். 1995 கடைசியில் சேர்ந்தார். அந்த வருஷம் நவம்பர் 16-ம் தேதிதான் 'தொழிலாளர் பென்ஷன் திட்டம் 1995' அமலுக்கு வந்தது. ஆக, அப்பாவும் திட்டமும் ஒரே பேட்ச். 2013-ல் 58 வயது முடிந்து ஒரு மாலை, ஒரு கைக்கடிகாரத்தோடு வெளியே வந்தார். (ஓசூரில் ரிடையர் ஆகிறவருக்குக் கடிகாரம் கொடுப்பது, திருப்பதிக்காரருக்கு லட்டு கொடுப்பது மாதிரி. போகட்டும்.)

பென்ஷன் கணக்கு ரொம்ப எளிது. சம்பளத்தை சர்வீஸால் பெருக்கி எழுபதால் வகுக்க வேண்டும். எழுபது எங்கிருந்து வந்தது? முப்பத்தைந்து வருஷம் உழைத்தவருக்குப் பாதிச் சம்பளம் வரவேண்டும் என்றால் எழுபதால்தானே வகுக்க வேண்டும்? சரிதான். ஆனால் 'சம்பளம்' என்பது நிஜச் சம்பளம் அல்ல. அதற்கு ஓர் உச்சவரம்பு. 2001-லிருந்து 2014 ஆகஸ்ட் வரை அது 6,500 ரூபாய். அப்பா கையில் வாங்கியது அதற்கு மேல். கணக்கில் ஏறியது 6,500. பெருக்கல் பதினெட்டு, வகுத்தல் எழுபது. விடை: 1,671 ரூபாய் சொச்சம்.

பஞ்சப்படி கிடையாது. 2013-ல் 1,671 என்றால் இன்றைக்கும் 1,671. டீ விலை ஏறலாம், பஸ் கட்டணம் ஏறலாம், அப்பாவுக்கு பிரஷர் ஏறலாம். பென்ஷன் மட்டும் கற்சிலை.

இந்த 1,671 ரூபாய் எங்கே போகிறது என்று ஒரு மாதம் துப்பறிந்தேன். சர்க்கரைக்கும் பிரஷருக்குமான மாத்திரை 740. தினம் ஒரு டீ, பன்னிரண்டு ரூபாய் வீதம் 360. செல்போன் ரீசார்ஜ் 199. முடி வெட்ட, சவரம் செய்ய 120. மீதி 252-ல் உழவர் சந்தையில் கீரை, கத்திரிக்காய், பேரனுக்கு பிஸ்கட். பத்தாம் தேதிக்குள் அக்கவுன்ட்டில் மினிமம் பாலன்ஸ் பற்றிய எஸ்.எம்.எஸ். மட்டும் பாக்கி.

கவனித்தீர்களா? ஒரு ரூபாய்கூட மிச்சமில்லை. எல்லாம் வீட்டிலிருந்து அரை கிலோமீட்டர் வட்டத்துக்குள் தீர்ந்தது. டீக்கடைக்காரர் அந்தப் பணத்தைப் பாகலூர் பக்கத்திலிருந்து பால் கொண்டு வருகிறவரிடம் கொடுக்கிறார். பால்காரர் தவிடு வாங்குகிறார். சலூன்காரர் தன் பெண்ணுக்கு டியூஷன் ஃபீஸ் கட்டுகிறார். டியூஷன் அக்கா அந்த ரூபாயில் பூ வாங்குகிறாள். (ஓசூர் ரோஜா. உங்கள் ஊருக்கு வருவதும் அதுதான்.) அப்பாவின் ஒரு நூறு ரூபாய் நோட்டு எங்கள் தெருவில் நாலு பேர் பாக்கெட்டில் இறங்கி ஏறிவிட்டுத்தான் ஊரை விட்டுப் போகிறது.

இதற்குக் காலேஜில் 'பெருக்கி' என்று பெயர் சொன்னார்கள். கெயின்ஸ் துரை சொன்னது. கையில் வரும் ஒரு ரூபாயில் எத்தனை பைசாவை நீங்கள் செலவழிப்பீர்களோ அதன் பெயர் இறுதிநிலை நுகர்வு நாட்டம். பரீட்சையில் ஐந்து மார்க். அந்த நாட்டம் அதிகம் இருக்கிறவன் கையில் பணம் விழுந்தால் அது ஊரெல்லாம் சுற்றும். குறைவாக இருக்கிறவன் கையில் விழுந்தால் பீரோவில் தூங்கும். அப்பாவுக்கு நூற்றுக்கு நூறு. வாழ்க்கையில் அவர் சென்டம் வாங்கிய ஒரே சப்ஜெக்ட்.

எதிர் உதாரணமும் பக்கத்து வீட்டிலேயே இருக்கிறது. ரிடையர் ஆன அரசுப் பள்ளி வாத்தியார். தங்கமான மனுஷர். அவருக்குப் பழைய பென்ஷன், அகவிலைப்படி சகிதம். ஒவ்வொரு தடவை அகவிலைப்படி ஏறும்போதும் எங்களுக்கு ஒரு பாக்ஸ் மைசூர்பாக் வரும். மைசூர்பாக் போக மீதி ஃபிக்ஸட் டெபாசிட். அதுவும் போக மீதி, எலெக்ட்ரானிக் சிட்டியில் மகன் வாங்கிய ஃபிளாட்டின் மாதத் தவணைக்கு. அதாவது அவருடைய பணம் ஜூஜூவாடியைத் தாண்டி, அத்திப்பள்ளியைத் தாண்டி, கர்நாடகாவில் போய் சிமென்ட்டாகிறது. அப்பாவின் பணத்துக்கு அத்திப்பள்ளி தாண்ட பஸ் சார்ஜே இல்லை.

"அதுக்காக என் டி.ஏ.வை நிறுத்தணும்ங்கறியாப்பா?" என்று வாத்தியார் ஒருநாள் கேட்டார்.

"இல்லைங்க சார். அப்பாவுக்கும் ஒண்ணு வேணும்ங்கறேன்."

"நாங்க ஸ்ட்ரைக் பண்ணி, ஜெயிலுக்குப் போய் வாங்கினது. உங்கப்பா ஆளுங்க என்னிக்காவது ஜெயிலுக்குப் போயிருக்காங்களா?"

அப்பா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். "ஓவர்டைம் இருந்துச்சு சார்" என்றார்.

இப்போது 2019-க்கு வருவோம். ஓசூர்க்காரர்களுக்கு அந்த வருஷம் மறக்காது. ஆகஸ்ட் 30-ம் தேதி நாட்டின் வளர்ச்சி ஐந்து சதவீதமாக இறங்கிவிட்டதாக அறிவிப்பு வந்தது. ஐந்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட் வாங்கவே ஜனங்கள் யோசிக்கிறார்கள் என்று பிஸ்கட் கம்பெனிக்காரர்கள் புலம்பினார்கள். லாரி விற்கவில்லை. செப்டம்பரில் அசோக் லேலண்ட் தன் ஆலைகளுக்கு வேலையில்லா நாட்கள் அறிவித்தது. எண்ணூருக்கு 16 நாள், ஓசூருக்கு 5 நாள். பெரிய ஆலை ஐந்து நாள் மூடினால் அதற்கு போல்ட், நட், பிராக்கெட் செய்து கொடுக்கும் சின்னப் பட்டறைகள் எத்தனை நாள் மூடும் என்பதை எந்த அறிக்கையும் சொல்லாது. மூக்கண்டப்பள்ளியில் பகல் பதினொரு மணிக்குப் பையன்கள் லுங்கியோடு கேரம் ஆடிக்கொண்டிருந்ததை வைத்து நாங்களே கணக்குப் போட்டுக்கொண்டோம்.

மத்திய அரசு சும்மா இருக்கவில்லை. செப்டம்பர் 20-ம் தேதி நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் கம்பெனி வரியை 30 சதவீதத்திலிருந்து 22-க்கு இறக்கினார். அரசுக்கு வருஷத்துக்கு 1,45,000 கோடி ரூபாய் வருமானம் போகும் என்று அவரே சொன்னார். க்யூவில் முதலில் நின்றவருக்கு முதல் மரியாதை. அவர் அதை வைத்து ஃபாக்டரி கட்டினாரா? 2020 ஆகஸ்டில் வந்த ரிசர்வ் வங்கியின் ஆண்டறிக்கை பதில் சொன்னது: கம்பெனிகள் அந்தப் பணத்தைக் கடன் அடைக்கவும், கையிருப்பைக் கூட்டவும் பயன்படுத்திக்கொண்டன, புது முதலீடு கிளம்பவில்லை. தப்பு சொல்ல முடியாது. செய்த சரக்கே விற்காதபோது எந்த மடையன் இன்னொரு ஷெட் போடுவான்? வாத்தியார் ஃபிக்ஸட் டெபாசிட்டில் போட்டதைத்தான் அவர்களும் போட்டார்கள், கொஞ்சம் பெரிய எழுத்தில்.

அதே வருஷம் திண்ணைக்காரரைக் கூப்பிட்டிருந்தால்? இந்த 1995 திட்டத்தில் பென்ஷன் வாங்குகிறவர்கள் நாடு முழுக்க முக்கால் கோடி பேர் என்று வையுங்கள். ஆளுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் கூட்டினால் வருஷத்துக்கு 9,000 கோடி. ஐயாயிரம் கூட்டினால் 45,000 கோடி. கம்பெனிகளுக்கு விட்டுக்கொடுத்ததில் மூன்றில் ஒரு பங்கு வரவில்லை.

"உங்கப்பா பிஸ்கட் வாங்குவார், சரி. லாரி வாங்குவாரா?" என்று நீங்கள் கேட்கலாம். வாங்க மாட்டார். ஆனால் பிஸ்கட் லாரியில்தானே போகிறது?

2020-ல் கூத்து இன்னும் சுவாரஸ்யம். கொரோனா. ஏப்ரலில் மத்திய அரசு தன் ஊழியர்களுக்கும் பென்ஷன்காரர்களுக்கும் அகவிலைப்படி உயர்வை நிறுத்தி வைத்தது. தமிழக அரசும் தொடர்ந்தது. வாத்தியார் வீட்டில் மைசூர்பாக் நின்றது. அதைவிட, வெள்ளையடிப்பதை அவர் தள்ளிப்போட்டார். வெள்ளையடிக்க வேண்டிய பெயின்டர் எங்கள் வீட்டு வாசலில் வந்து "ஏதாச்சும் சில்லறை வேலை இருக்குங்களா?" என்று நின்றபோதுதான் வாத்தியார் பணமும் முழுக்க அத்திப்பள்ளி தாண்டுவதில்லை என்று புரிந்தது. கொஞ்சம் நின்று, பெயின்ட் வாங்கிவிட்டுத்தான் போகிறது.

அதே 2020 அக்டோபரில், அதே மத்திய அரசு, பண்டிகை முன்பணம் என்று ஊழியர்களுக்கு வட்டியில்லாமல் பத்தாயிரம் கொடுத்தது. எதற்கு? கடைவீதியில் வியாபாரம் நடக்க. கார்டில் போட்டுக் கொடுத்தார்கள். 2021 மார்ச் 31-க்குள் செலவழித்தே ஆக வேண்டும் என்று நிபந்தனை. இடது கையால் படியை நிறுத்தி, வலது கையால் 'தயவுசெய்து செலவு பண்ணுங்கள்' என்று கடன். பென்ஷன்காரர்களுக்கு அந்த வலது கையும் நீளவில்லை.

'இத்தனை நாளுக்குள் செலவு செய்' என்ற இந்த ஐடியா பழசு. 1933-ல் அமெரிக்காவில் லாங் பீச் என்ற ஊரில் டவுன்சென்ட் என்று ஒரு கிழ டாக்டர் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். நாடே வேலையில்லாமல் தவித்த நேரம். அறுபது வயது தாண்டிய எல்லோருக்கும் மாதம் 200 டாலர் கொடுங்கள். இரண்டு நிபந்தனை, வேலையை விட்டுவிட வேண்டும், முப்பது நாளுக்குள் மொத்தத்தையும் செலவழித்துவிட வேண்டும். கிழவர்கள் வேலையை விட்டால் இளைஞனுக்கு வேலை. கிழவர்கள் செலவழித்தால் கடைக்காரனுக்கு வியாபாரம். லட்சக்கணக்கில் ஆதரவாளர்கள் சேர்ந்தார்கள், ஊருக்கு ஊர் கிளப். பொருளாதார நிபுணர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். காரணம், அந்தப் பணத்தை அவர் வசூலிக்க நினைத்தது ஒவ்வொரு வியாபாரத்தின் மேலும் இரண்டு சதவீத வரியாக. கடைக்காரனிடம் பிடுங்கி, கிழவரிடம் கொடுத்து, அவர் கடைக்காரனிடம் செலவழிப்பது! அண்ணன் பாக்கெட்டிலிருந்து தம்பி பாக்கெட்டுக்கு மாற்றினால் குடும்பம் பணக்காரக் குடும்பம் ஆகிவிடுமா?

திட்டம் நிறைவேறவில்லை. ஆனால் அந்தக் கிழவர்களின் கூச்சல் வெள்ளை மாளிகைக்குக் கேட்டது. 1935 ஆகஸ்டில் ரூஸ்வெல்ட் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். 1940 ஜனவரியில் முதல் மாதாந்திர செக். தொகை 22 டாலர் 54 சென்ட். கேட்டது இருநூறு, வந்தது இருபத்திரண்டு. பென்ஷன் என்றாலே உலகமெங்கும் இதே பேரம்தான் போலிருக்கிறது. ஆஸ்திரேலியாக்காரர்கள் தேவலை. 2008 டிசம்பரில் உலகம் முழுக்க வங்கிகள் ஆட்டம் கண்டபோது, தனியாக இருக்கும் பென்ஷன்காரருக்கு 1,400 டாலர், தம்பதிக்கு 2,100 டாலர் என்று ஒரே தவணையில் அக்கவுன்ட்டில் போட்டார்கள். கிறிஸ்துமஸ் நேரம் வேறு. கடைகள் கிழவர்களுக்காகக் காத்திருந்தன.

டவுன்சென்ட்டை மடக்கிய அதே கேள்வியை என்னிடம் கேட்டவன் என் நண்பன். சிப்காட்டில் ஒரு கம்பெனியில் ஹெச்.ஆரில் இருக்கிறான். பஸ் ஸ்டாண்டு பக்கம் டீக்கடையில் பிடித்துக்கொண்டான்.

"மாப்ளே, ஏத்தலாம். யார் அப்பன் வீட்டுக் காசு? எனக்காக கம்பெனி மாசாமாசம் பென்ஷன் நிதியில 1,250 போடுது. பதினஞ்சாயிரத்துல 8.33 பர்சன்ட். அதை எடுத்து உங்கப்பாவுக்குக் குடுத்துட்டா நான் கெழவனானா எனக்கு யார்றா குடுப்பா?"

நியாயமான கேள்வி. எல்லோருடைய பணமும் ஒரே நிதியில்தான் கிடக்கிறது, அந்த நிதியே எதிர்காலக் கணக்கில் துண்டு விழுகிறது என்று அரசாங்கமே பார்லிமென்ட்டில் பல தடவை சொல்லியிருக்கிறது. இன்னொரு வேடிக்கையும் உண்டு. 15,000 உச்சவரம்பில் முப்பத்தைந்து வருஷ சர்வீஸ் கணக்காகி எழுபதால் வகுத்தால் என்ன வரும்? 7,500. பென்ஷன்காரர் போராட்டக் குழுக்கள் குறைந்தபட்சப் பென்ஷனாகக் கேட்பதும் 7,500, அதோடு அகவிலைப்படி. நண்பனுக்கு எது உச்சமோ அதுவே அப்பாவுக்கு ஆரம்பம் என்றால் அவன் கோபப்படத்தான் செய்வான்.

ஆனால் வழி வேறு இருக்கிறது, ஏற்கனவே திறந்தும் இருக்கிறது. இந்தத் திட்டத்துக்கு மத்திய அரசும் சம்பளத்தில் 1.16 சதவீதம் போடுகிறது. 2014 செப்டம்பரில் குறைந்தபட்சப் பென்ஷனை 1,000 ரூபாய் ஆக்கியபோது, குறைகிற தொகையை பட்ஜெட்டிலிருந்து தருகிறோம் என்று ஒப்புக்கொண்டு தந்துகொண்டும் இருக்கிறது. அந்தக் குழாயைத்தான் இன்னும் கொஞ்சம் திறக்கச் சொல்கிறேன். நண்பனின் 1,250-ல் கைவைத்தால் அது டவுன்சென்ட் கணக்கு: அவன் டீயைக் குறைப்பான், அப்பா டீயைக் கூட்டுவார், கடைக்காரருக்கு லாபமுமில்லை நஷ்டமுமில்லை. கம்பெனி வரியில் விட்டுக்கொடுக்க முடிகிற பட்ஜெட்டிலிருந்து வந்தால்தான் தெருவுக்கு அது புதுப் பணம்.

"பட்ஜெட்டுன்னா அதுவும் என் வரிதானடா?" என்றான். விடமாட்டான்.

"நீ மட்டும் கட்டலை. டீக்கு, பிஸ்கட்டுக்கு ஜி.எஸ்.டி. அப்பாவும்தான் கட்டறார்" என்றேன். டீக்காசை அவன் கொடுத்தான். அதை வெற்றி என்று எடுத்துக்கொண்டேன்.

அவனிடம் சொல்லாத ஒரு விஷயம். அப்பாவோடு அதே ஷாப்பில் வேலை பார்த்த ஒருவர் சர்வீஸிலேயே இறந்துபோனார். அவர் சம்சாரத்துக்கு விதவைப் பென்ஷன் அந்தக் குறைந்தபட்ச ஆயிரம். 2014-ல் ஆயிரம், 2025-லும் ஆயிரம். தமிழக அரசின் முதியோர் உதவித்தொகை 2023-ல் 1,200 ஆனது. சந்தா என்று ஒரு பைசா கட்டாதவருக்கு 1,200, வருஷக்கணக்கில் கட்டியவர் வீட்டுக்கு 1,000. அந்த அம்மா ஒருநாள் என்னிடம், "தம்பி, இந்த பி.எஃப். பென்ஷன எழுதிக் குடுத்துட்டு அந்த பென்ஷனுக்கு மாறிக்கலாமா?" என்று கேட்டார். பி.காமில் இதற்குப் பாடம் இல்லை.

அந்த ஆயிரத்துக்கும் வருஷத்துக்கு ஒருமுறை 'நான் உயிரோடு இருக்கிறேன்' என்று விரல் ரேகை வைக்க வேண்டும். அப்பாவின் விரலைப் பல தடவை மெஷின் ஒப்புக்கொண்டதில்லை. பதினெட்டு வருஷம் அரம் பிடித்ததில் ரேகை போய்விட்டது. உழைத்ததற்கு ஆதாரம் இருந்தது, உயிரோடு இருப்பதற்கு இல்லை. முகத்தைக் காட்டினால் போதும் என்று செல்போனில் வசதி வந்த பிறகு பிரச்னை இல்லை. அப்பா அதற்கென்று சவரம் செய்துகொண்டு, சட்டை மாற்றிக்கொண்டு உட்காருவார். சலூன்காரருக்கு அதில் அறுபது ரூபாய்.

ஓசூர், சூளகிரி, கிருஷ்ணகிரி என்று நெடுஞ்சாலை ஓரமாக இப்போது புதுசு புதுசாக ஃபாக்டரிகள். செல்போன் பாகங்கள், எலெக்ட்ரிக் ஸ்கூட்டர். காலை ஷிப்ட் பஸ்களில் காதில் ஒயரோடு தூங்கி வழிகிற பையன்களில் நிறையப் பேர் கான்ட்ராக்ட். ஒரு இடத்தில் ஒன்றரை வருஷம், அடுத்த இடத்தில் ரெண்டு வருஷம். பத்து வருஷ சர்வீஸ் இருந்தால்தான் மாதாந்திரப் பென்ஷன் என்பது விதி. சர்வீஸை இடத்துக்கு இடம் சேர்த்துக்கொண்டே போகலாம். யார் சேர்க்கிறார்கள்? வேலையை விட்டதும் 10-சி பாரத்தைப் போட்டுப் பென்ஷன் பணத்தை ரொக்கமாக எடுத்துவிடுகிறார்கள். அந்தப் பணம் பைக்குக்கு முன்பணம் ஆகிறது. பைக் இதே ஓசூரில் தயாராகிறது. ஊர்ப் பொருளாதாரத்துக்கு இதைவிடச் சுத்தமான ஊக்கம் கிடையாது. என்ன, இவர்கள் திண்ணைக்கு வரும்போது ஆயிரம்கூட இருக்காது.

2025 அக்டோபரில் பி.எஃப். அறங்காவலர் குழு, இப்படி எடுப்பதற்கு இரண்டு மாதம் காத்திருந்தால் போதும் என்பதை முப்பத்தாறு மாதம் என்று மாற்ற முடிவெடுத்தது. எங்கள் தெரு ஜெராக்ஸ் கடையில் நின்றிருந்த ஒரு பையனிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"முப்பத்தாறு மாசமாண்ணே?" என்றான். "பைக் லோனே முப்பத்தாறு மாசந்தாண்ணே."